சிவப்புக் காரின் தரையில் ஒரு தையல்

பட்டறையில் அவளை டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். பால் ஏற்றும் லாரிகளுக்கு எஃகுத் தொட்டி செய்கிற பட்டறை அது. வெல்டர்கள் தகடுகளை இணைப்பார்கள். அந்த இணைப்பில் விரிசலோ ஊசித் துளையோ இல்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாகப் போடுகிறாள். சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு, டார்ச் விளக்கு இல்லாத நாள் இல்லை. பெயர் அப்படி வந்தது.

இனிமையான பெண் என்று அவளை யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லப் போவதில்லை. கோபக்காரி. ஆனால் அவள் கோபம் ஆளைப் பார்த்து வராது, பொருளைப் பார்த்து வரும். கோணலாக வெட்டிய தகடு, மூடாமல் வைத்த பெயின்ட் டப்பா, ஆடுகிற நாற்காலி. இது உயர்ந்த குணமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஆடுகிற நாற்காலிக்குப் பின்னாலும் அதைச் செய்த ஓர் ஆள் இருக்கத்தான் செய்கிறார்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. அவள் ஓர் இணைப்பைப் பார்க்கக் குனிந்தால், அதைப் போட்ட வெல்டர் பக்கத்தில் நிற்கக் கூடாது. வாசல்வரை போய் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மற்றவர்கள் நிற்கலாம், வேடிக்கை பார்க்கலாம், கேலி பேசலாம். போட்டவர் மட்டும் கூடாது. முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஏற்படுத்திய முறை. எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் அவள் குனிந்ததும் போட்டவரின் கால்கள் தாமாகவே வாசலுக்கு நடந்துவிடும்.

பதினோரு வெல்டர்களில் மூத்தவரை டெய்லர் என்பார்கள். அவர் போடும் இணைப்பு மெஷினில் தைத்ததுபோல நெருக்கமாக, ஒரே சீராக ஓடும். முடிக்கும் இடத்தில் ஒரு விரல்நகம் அளவுக்குப் பின்னால் திரும்பி வந்து நிறுத்துவார். கடைசியில் சின்னக் கொக்கி மாதிரி ஒரு வளைவு தெரியும். வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அவரை அவள் அண்ணே என்பாள். ஆனால் அவர் வேலையைப் பார்த்து இத்தனை வருடத்தில் அவள் சொன்ன ஒரே வார்த்தை, "சரி."

அவளுக்கு நாற்பத்தாறு வயதானபோது ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசை வந்தது. வந்தது என்பதுகூடச் சரியில்லை, எப்போதும் இருந்தது. அதற்குப் பணம்தான் அப்போது வந்தது. ஆறு வருட ஓவர்டைம். அந்தத் தொகைக்குப் புதுக் கார் கேட்டால் நாலு சக்கரமும் ஸ்டீயரிங்கும் தருவார்கள். ஆனால் இருபது வருடத்துப் பழைய வண்டி ஒன்று விளம்பரத்தில் இருந்தது. இரண்டே இருக்கை, மடித்து வைக்கிற துணிக் கூரை, சிவப்பு.

கணவர் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். விளம்பரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை பார்த்தார்.

"பின் சீட்டே காணோமே. அம்மா எங்க உட்காருவாங்க?"

"உட்கார மாட்டாங்க."

"அப்ப நானு?"

"வாயை மூடிட்டு வர்றதா இருந்தா பக்கத்து சீட்டு இருக்கு."

"இருபது வருஷத்து வண்டி. நம்ம கல்யாணத்தை விட ஒரு வயசுதான் கம்மி."

"அதான் பாக்கறேன், இதாவது ஓடுமான்னு."

ஞாயிற்றுக்கிழமை டெய்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். பழைய கார் விற்கும் வியாபாரி கையில் இரண்டு போனோடு வந்தார். இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு டெய்லரிடம் பேசத் தொடங்கினார்.

"மேடமுக்குக் கலர் பிடிச்சிருக்கான்னு கேளுங்க சார்."

"மேடமுக்குக் காது நல்லாவே கேக்கும். என்கிட்டயே கேளுங்க," என்றாள் அவள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இந்த வண்டிக்கு வழக்கமா சார்தான் வருவாங்க."

"எந்த சார்?"

அவர் இரண்டு போனையும் பையில் போட்டுக்கொண்டார். சாவியை நீட்டினார்.

எஞ்சின் சத்தத்தைக் கேட்டாள். எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தாள். ஒவ்வொரு சக்கரத்தையும் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். பிறகு கூரையை மடித்துவிட்டு, வியாபாரி பக்கத்தில் உட்கார, பத்து நிமிடம் ஓட்டினாள். கியர் கம்பி உள்ளங்கைக்குள் அடங்கியது. வளைவில் வண்டி அவள் நினைத்த இடத்துக்குப் போனது, நினைத்த உடனே போனது. எத்தனையோ வருடமாகக் கணவரின் பெரிய காரில் மாமியார் பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லக் கேட்டே ஓட்டியவள் அவள்.

திரும்பி வந்து தரையில் படுத்து டார்ச் அடித்து அடிப்பாகத்தைப் பார்த்தாள். முழுவதும் கறுப்பு ரப்பர் பூச்சு.

"இது என்ன?"

"துருப் பிடிக்காம இருக்கறதுக்கு மேடம். காசு போட்டு அடிச்சிருக்கேன்."

பட்டறையில் இணைப்பைப் பார்க்கும் முன் யாராவது பூச்சு அடித்தால் அவன் காது கிழியும். அன்று அவள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, சும்மா இருந்தாள். பிடித்துப்போன பொருளைப் பரிசோதிக்க முடியாது, அதற்குக் காரணம் தேடத்தான் முடியும். அவளும் ஒன்றைத் தேடிக்கொண்டாள்: அது துருவுக்காக அடித்ததுதான்.

டெய்லர் அப்போது கேட்டுக்குப் பக்கத்தில் போய், தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார். வீட்டுக்குப் போன் பேசப் போயிருக்கிறார் என்று நினைத்தாள்.

"எப்படிண்ணே இருக்கு?"

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப சரி," என்றார்.

முன்பணம் கொடுத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை பத்திரங்களைச் சரிபார்க்க விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். முந்தின நாள் நல்ல மழை. வண்டிக்குள் ஈர வாடை அடித்தது. துணிக் கூரை எங்கே ஒழுகுகிறது என்று தேடி, இருக்கைக்குப் பின்னால் விரித்திருந்த கம்பளத்தைத் தடவினாள். ஓரம் நனைந்து பசை விட்டிருந்தது. இழுத்தாள், வந்தது. கீழே இருந்த பஞ்சுப் படலத்தையும் உரித்தாள்.

தரையில் குறுக்கே, இந்தப் பக்கக் கதவிலிருந்து அந்தப் பக்கக் கதவுவரை, ஓர் இணைப்பு ஓடியது.

வெளியே வந்து நின்றுவிட்டு, மறுபடியும் உள்ளே குனிந்து டார்ச் அடித்தாள். தொழிற்சாலையில் செய்த வண்டியில் அந்த இடத்தில் இணைப்பே இருக்காது. இரண்டு வண்டிகள். ஒன்று பின்னால் இடிபட்டது, ஒன்று முன்னால் இடிபட்டது. நல்ல பாதியையும் நல்ல பாதியையும் வெட்டி ஒட்டி ஒரு வண்டி ஆக்கியிருக்கிறார்கள். இரும்புக் கூரை உள்ள வண்டி என்றால் கூரையும் கொஞ்சம் தாங்கும். இதில் பலமெல்லாம் தரையிலும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்திலும்தான். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய பள்ளம் போதும்.

அந்த இணைப்பு அழகாக இருந்தது. நெருக்கமாக, சீராக, மெஷினில் தைத்தது போல. டார்ச்சை அதன்மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். முடிகிற இடத்தில் சின்னக் கொக்கி.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டருகே முதுகைக் காட்டி நின்றது நினைவுக்கு வந்தது. அவர் கையில் போன் இருக்கவில்லை. பத்தொன்பது வருடம் தினமும் பார்த்த முதுகு. அது என்ன சொல்கிறது என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும், அந்த ஒருத்தியும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாள். டெய்லர்மேல் வந்த கோபத்துக்கு முன்னால் அவளுக்கு அவள்மேல் கோபம் வந்தது. அது கொஞ்ச நேரம்தான்.

"இது என்ன?" என்று வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அதெல்லாம் கம்பெனி வெல்டு மேடம்."

"எந்தக் கம்பெனி? எங்க கம்பெனியா?"

அவர் சிரித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அவள் கொடுத்த முன்பணத்தை எண்ணாமலே எடுத்து நீட்டினார். "வேணாம்னா விடுங்க மேடம். சண்டை எதுக்கு? சனிக்கிழமை இன்னொருத்தர் வர்றார். மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்கார், ரொம்ப ஆசையா இருக்கார்."

பணம் முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. அங்கேயே அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். நஷ்டம் இல்லை, அடி இல்லை, உயிர் தப்பியது. பெரும்பாலானோர் அங்கே நின்றுவிடுவோம், அதைப் புத்திசாலித்தனம் என்று பெயரிட்டும் வைத்திருக்கிறோம். அவளால் நிற்க முடியவில்லை. அவள் தேறாது என்று ஒதுக்கிய பொருளை இன்னொருவர் தலையில் கட்டுவது அவளுக்குத் தெரிந்த எந்த முறையிலும் சேராது.

மறுநாள் பட்டறையில் டெய்லர் ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவள் தொட்டியின் வாய்க்குள் தலையை நுழைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஏண்ணே கேட்டுப் பக்கத்துல போய் நின்னீங்க?"

அவர் முகமூடியைத் தூக்கினார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"சொல்லலாம்னுதான் பாத்தேன்."

"எப்ப? பஸ்ல அரை மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து வந்தீங்க. பொண்ணு பரீட்சை, பக்கத்து வீட்டு நாய், முழங்கால் வலி, எல்லாம் சொன்னீங்க. இதுக்கு மட்டும் நேரம் போதலையா?"

"அந்தாளு முன்னாடி என்னத்தைச் சொல்ல? தெரியாத மாதிரி சார்னு கூப்பிட்டான், ஆனா லீவு நாள்ல அவன் கொட்டகைலதான் வேலை செய்யறேன். இங்க முதலாளிக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிடும்."

"என் உயிர் போனா பரவாயில்ல."

"போகாது தங்கச்சி. அது விடாது. நான் போட்டது. இத்தனை வருஷத்துல என் வெல்டு ஒண்ணு விட்டிருக்கா? நீயே சொல்லு."

"உங்க வெல்டு விடாதுண்ணே. அதுக்குப் பக்கத்துல இருக்கற தகடு விடும்."

அது அவருக்கும் தெரியும். சூடு பட்ட மெல்லிய தகடு இணைப்பை ஒட்டியே பலம் இழக்கும். இணைப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, முறிவு அவ்வளவு சுத்தமாக அதன் ஓரத்தில் வரும். பட்டறையில் இரண்டாவது வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம்.

"சனிக்கிழமை வந்து அந்தக் கண்ணாடிக் கடைக்காரர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

"என்னால முடியாது."

"அப்ப இன்னையிலேர்ந்து உங்க வெல்டுல என் கையெழுத்து கிடையாது."

சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மதியம் அவர் முடித்த இணைப்பு அவள் முன்னால் வந்தது. அவர் வழக்கம்போல வாசலுக்குப் போனார். அவள் நாற்பது நிமிடம் பார்த்தாள். விரிசல் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்து, கண் வலிக்க வலிக்க ஒரு குறையைத் தேடினாள். ஒரு மயிரிழை விரிசல் கிடைத்திருந்தால் அன்று அவளுக்குத் திருவிழாதான். கிடைக்கவில்லை. காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். அவள் செய்ததில் நான் மதிக்கிற காரியம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கையெழுத்துதான். அவளுக்கோ அது தோல்வியாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை கணவரின் பெரிய காரில் போனாள். கணவரும் வந்தார். "உன்னை அங்க தனியா விட்டா நாளைக்கு நான் ஸ்டேஷனுக்கு வரணும்" என்பது அவர் சொன்ன காரணம்.

கண்ணாடிக் கடைக்காரர் மனைவியோடு வந்து, ஏற்கெனவே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஒரு முழங்கையைக் கதவின்மேல் சாய்த்து வைத்திருந்தார். மனைவி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்த வண்டியை வாங்காதீங்க. இது ரெண்டு வண்டி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"இதுக்கு முன்னாடி முன்பணம் கொடுத்தவ. பின்னாடி கம்பளத்தைத் தூக்கிப் பாருங்க."

வியாபாரி தடுக்கவில்லை. தானே பெருந்தன்மையாகத் தூக்கிக் காட்டினார். கண்ணாடிக் கடைக்காரர் உட்கார்ந்தபடியே திரும்பி எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு? எவ்வளவு நீட்டா பண்ணியிருக்காங்க."

"அதான் சார் பிரச்சினையே."

"நீட்டா இருக்கறது பிரச்சினையா?" அவர் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். "அவங்களுக்கு வண்டி வேணும். நம்மளைக் கிளப்பிவிட்டுட்டு விலையைக் குறைச்சு எடுக்கலாம்னு பாக்கறாங்க."

"சரியாச் சொன்னீங்க சார்," என்றார் வியாபாரி. "இவ்வளவு தூரம் குதிக்கறாங்கன்னா வண்டி எப்பேர்ப்பட்ட வண்டின்னு நீங்களே பாத்துக்கங்க."

உண்மையைச் சொன்னதால் அந்த வண்டியின் மதிப்பு கூடியிருக்கிறது. இனி வாயால் எது சொன்னாலும் இன்னும் கூடும்.

"ஏங்க," என்றாள் கணவரிடம். "நம்ம வண்டி ஜாக்கியை எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்கன்னா."

அவர் எடுத்து வந்தார். அவள் சிவப்புக் காரின் முன்னால் மண்டியிட்டு, எஞ்சினுக்குக் கீழே குறுக்கே ஓடும் சட்டத்தில் ஜாக்கியைப் பொருத்தினாள். "மேடம், மேடம், என்ன பண்றீங்க?" என்று வியாபாரி ஓடி வந்தார். கணவர் அவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றார். மருந்துக் கடையில் கடன் கேட்பவர்களைத் தடுத்து நின்ற பழக்கம் அவருக்கு இருந்தது.

"டயர் மாத்தற மாதிரிதானே தூக்கறாங்க? நல்ல வண்டின்னா தாங்கும்ல?" என்றார்.

அவள் கைப்பிடியைச் சுற்றினாள். முன்சக்கரங்கள் மண்ணை விட்டு ஒரு சாண் எழும்பின. கண்ணாடிக் கடைக்காரர் பின்னால் சாய்ந்தபடி, "அட, விமானம் மாதிரி இருக்கே," என்றார்.

"இப்ப இறங்குங்க சார்."

அவர் கதவுப் பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தார். தோளால் முட்டினார். நடுவில் வண்டி தொய்ந்து, கதவின் மேல்விளிம்பை அது பூட்டிக்கொள்ளும் தூண் கவ்விக்கொண்டிருந்தது. அவர் மனைவி வெளியே இருந்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அந்தப் பக்கக் கதவும் அப்படியே.

"வண்டி நிக்கறப்பவே இப்படி," என்றாள் அவள், மண்டியிட்டபடியே. "ஓடறப்ப பள்ளத்துல இறங்கினா எப்படி இருக்கும்னு உங்க கடைல நல்ல கண்ணாடி ஒண்ணு எடுத்துப் போட்டுப் பாருங்க."

கண்ணாடிக் கடைக்காரர் இருக்கைமேல் ஏறி, கதவைத் தாண்டிக் குதித்து வெளியே வந்தார். கால்சட்டை முழங்காலில் கிழிந்தது. மனைவி அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வியாபாரியிடம்தான் பேசினார். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. போகும்போது அவளுக்கு இருவரும் நன்றி சொல்லவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த வாரம் இன்னொருவர் வருவார் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் திங்கள்கிழமை காலை வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் புகார் கொடுக்கப் போனாள். கவுன்டரில் இருந்தவர் படிவத்தைப் புரட்டிவிட்டு, "யார் ஒட்டினதுன்னு இந்தக் கட்டத்துல எழுதணும்மா. அது இல்லாம வண்டியை முடக்க முடியாது," என்றார். அவள் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு மதியம் பட்டறைக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் டெய்லர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து படிவத்தை விரித்தாள்.

"உங்க பேரை எழுதப் போறேன்ண்ணே. சொல்லாம எழுதினேன்னு இருக்கக் கூடாது."

"எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"அதுவும் தெரியும்."

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். சத்தம் போடுவார் என்று அவள் காத்திருந்தாள். அதற்குத் தயாராகப் பதிலும் வைத்திருந்தாள். அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, அவள் வியாபாரியைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார்.

"தரைன்னு மட்டும் எழுதியிருக்க. கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் நான்தான் போட்டேன். முன் கண்ணாடித் தூண்லயும் ஒண்ணு இருக்கு. எல்லாத்தையும் எழுதிக்க."

அவள் எழுதினாள். அவர் பெயரையும் எழுதினாள். பேனாவை மூடும்போது அவர் சொன்னார்:

"இது ஒண்ணு மட்டும் இல்ல தங்கச்சி. இன்னும் மூணு இருக்கு."

அவள் பேனாவை மறுபடி திறந்தாள். "இதே மாதிரியா?"

"இதே மாதிரிதான். போன வருஷம் பண்ணது."

"எங்க இருக்கு?"

"அவன் வித்துட்டான். யாருக்குன்னு எனக்குத் தெரியாது."

"நம்பர்?"

"நம்பர் பலகை மாட்டறதுக்கு முன்னாடி என் வேலை முடிஞ்சிடும்."

"கலராவது சொல்லுங்கண்ணே," என்றாள். கோபத்தில் அவள் குரல் உடைந்தது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மூணு பேர் ஓட்டிட்டு இருக்காங்க. என்ன கலர்?"

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போடறப்ப எதுக்கும் கலர் இருக்காது தங்கச்சி."